யாரிடம் ஸ்மார்ட்ஃபோன் இருக்கிறது? நாடுகளின் கணக்கைப் படிப்பது எப்படி

காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கற்பனை வீடுதான், ஆனால் அந்தப் பக்கத்தில் எங்கே இறங்கினாலும் இப்படி ஒரு வீடு இருக்கும். மொத்தம் ஆறு பேர். தாத்தாவிடம் பட்டன் ஃபோன், ஒரு சிம். அப்பத்தாவிடம் ஃபோன் கிடையாது; அவரிடம் பேச வேண்டுமென்றால் தாத்தாவின் நம்பருக்குக் கூப்பிட்டு "அவங்ககிட்டக் குடுங்" என்று சொல்ல வேண்டும். மகனிடம் ஸ்மார்ட்ஃபோன், அதில் இரண்டு சிம். ஒன்று பழைய நம்பர். தேங்காய் வியாபாரி முதல் பேங்க் வரை எல்லாரிடமும் அதுதான் இருப்பதால் விட முடியவில்லை. இன்னொன்று நெட்டுக்கு. மருமகளிடம் ஒரு ஸ்மார்ட்ஃபோன், ஒரு சிம். காலேஜ் படிக்கும் பத்தொன்பது வயதுப் பேத்தியிடமும் அப்படியே. ஒன்பதாவது படிக்கும் பேரனுக்குச் சொந்தமாக ஃபோன் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அம்மாவின் ஃபோன் அவன் கைக்குப் போய்விடும்.

இது போக, இரண்டு போர்வெல் மோட்டாருக்கும் மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார்கள். த்ரீ ஃபேஸ் கரண்ட் வரும்வரை விழித்திருந்து, டார்ச் அடித்துக்கொண்டு ராத்திரியில் தோட்டத்துக்குள் போக வேண்டியதில்லை. படுத்த இடத்திலிருந்து ஒரு கால் போட்டால் மோட்டார் ஓடும். அந்தப் பெட்டிகளுக்குள்ளும் ஆளுக்கொரு சிம் உண்டு.

சரி, இந்த வீட்டில் எத்தனை சதவீதம் பேரிடம் ஃபோன் இருக்கிறது? சிம்மை எண்ணினால் ஏழு. ஆறு பேருக்கு ஏழு சிம் என்றால் 100 பேருக்கு 117. வீட்டை எண்ணினால் ஸ்மார்ட்ஃபோன் உள்ள வீடு 100 சதவீதம். ஆளை எண்ணினால் ஆறில் மூன்று பேரிடம்தான் சொந்த ஸ்மார்ட்ஃபோன், அதாவது 50. பதினெட்டு வயது நிரம்பியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஐந்தில் மூன்று, 60. யாருடையது என்று பார்க்காமல் யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டால் பேரனும் சேர்ந்துகொள்வான், 67 ஆகிவிடும்.

வீடு ஒன்றுதான். 50, 60, 67, 100, 117 என்று ஐந்து விடைகள், எல்லாம் சரியானவை. உலக நாடுகளில் ஸ்மார்ட்ஃபோன் எப்படிப் பரவியது என்று செய்திகளில் வரும் எண்களைப் புரிந்துகொள்வதில் பாதி வேலை, இந்த ஐந்தில் எதைச் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான்.

எண்ணுகிறவர்கள் யார்

இந்தியாவில் 115 கோடிக்கு மேல் மொபைல் இணைப்புகள் இருக்கின்றன என்று அடிக்கடி படிப்போம். அது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மாதாமாதம் வெளியிடும் கணக்கு. அது எண்ணுவது இணைப்பை, ஆளை இல்லை. டெல்லியில் 100 பேருக்கு 200 இணைப்புக்கு மேல் காட்டும் கணக்கும் இதுதான். அங்கே கைக்குழந்தைகூட ஆளுக்கு இரண்டு ஃபோன் வைத்திருக்கிறது என்று அர்த்தமில்லை. வெளியூரிலிருந்து வந்து வேலை பார்க்கிறவர்கள், ஆபீஸ் சிம், இரண்டாவது சிம் எல்லாம் சேர்ந்த எண் அது.

இணைப்புக் கணக்கு எவ்வளவு வழுக்கும் என்பதற்கு 2018 கடைசியில் நடந்தது நல்ல உதாரணம். அதுவரை பத்து ரூபாய் டாப்அப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் இன்கமிங் மட்டும் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஏராளம். பெரிய நிறுவனங்கள் குறைந்தபட்ச ரீசார்ஜ் என்று 28 நாளைக்கு 35 ரூபாய்த் திட்டத்தைக் கொண்டுவந்தன. அடுத்த சில மாதங்களில் கோடிக்கணக்கான இணைப்புகள் கணக்கிலிருந்து காணாமல் போயின. யாரும் ஃபோனைத் தூக்கி எறிந்துவிடவில்லை. இரண்டாவது சிம்முக்குக் காசு போடுவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். வரைபடத்தை மட்டும் பார்த்த வெளிநாட்டுக்காரர், இந்தியாவில் செல்ஃபோன் குறைகிறது என்று எழுதியிருந்தாலும் ஆச்சரியப்பட முடியாது.

ஆளை எண்ணுகிறவர்கள் வேறு. ஐ.நா.வின் கிளையான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், பத்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் சொந்தமாக மொபைல் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்க்கிறது. 2024 கணக்கில் உலக அளவில் அது ஐந்தில் நான்கு பேர். இதில் பட்டன் ஃபோனும் அடக்கம். நாடுகளை ஒப்பிட்டுச் செய்திகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையத்தின் எண்கள். அவர்கள் கேட்பது வயது வந்தவர்களிடம் மட்டும்; பட்டன் ஃபோனையும் ஸ்மார்ட்ஃபோனையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கிறார்கள். நம் நாட்டில் பள்ளிக் குழந்தைகளின் வீடுகளுக்குப் போய் விசாரிக்கும் அசர் ஆய்வு, கிராமப்புற வீட்டை எண்ணுகிறது. மத்தியப் புள்ளியியல் துறை 2025 தொடக்கத்தில் எடுத்த மாதிரிக் கணக்கும் வீட்டைத்தான் எண்ணியது: 85.5 சதவீத வீடுகளில் குறைந்தது ஒரு ஸ்மார்ட்ஃபோன் என்று சொன்னது.

இப்போது ஒருவர் 85.5 என்ற அந்த எண்ணையும், ப்யூ மையத்தின் அமெரிக்க எண்ணான 91 என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பார்த்தீர்களா, அமெரிக்காவை எட்டிப் பிடித்துவிட்டோம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன சொல்வது? ஒன்று வீடு, மற்றது வயது வந்த ஆள். காங்கேயத்து வீட்டில் அந்த இரண்டுக்கும் இடையே நாற்பது புள்ளி வித்தியாசம் இருந்தது.

மெதுவாக, வேகமாக, மறுபடி மெதுவாக

எண்ணும் முறை ஒன்றாகவே இருந்தால், வருடத்துக்கு வருடம் எண் எப்படி ஏறுகிறது என்று பார்க்கலாம். புதுப் பொருள் எதுவானாலும் அது பரவும் விதத்தில் ஒரு பாணி இருக்கிறது. இதை முதலில் தெளிவாகக் காட்டியது ஃபோன் இல்லை, மக்காச்சோளம்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1920களின் கடைசியில் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை விற்பனைக்கு வந்தது. பிரைஸ் ரையன், நீல் கிராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அங்கே இரண்டு ஊர்களில் 259 விவசாயிகளிடம் போய், யார் எந்த வருடம் அந்த விதைக்கு மாறினார்கள் என்று விசாரித்து 1943இல் எழுதினார்கள். முதல் ஐந்து வருடத்தில் பத்தில் ஒருவர்தான் மாறியிருந்தார். அடுத்த மூன்றே வருடத்தில் அது நாற்பது சதவீதமானது. 1941 வாக்கில் இரண்டு பேரைத் தவிர எல்லாரும் மாறிவிட்டார்கள். விதை நல்ல விதை என்று முதல் வருடமே தெரியும். ஆனாலும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்டு, அறுத்து, மூட்டை எண்ணிக்கை தெரிந்த பிறகுதான் மற்றவர்கள் இறங்கினார்கள். பல்லடம் கோழிப் பண்ணைகளுக்காக மக்காச்சோளம் போடும் உடுமலை, தாராபுரம் பக்கத்து விவசாயிகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கிளுவை வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது அங்கேயும் வழக்கம்தான்.

இதை வரைபடமாகப் போட்டால் சாய்ந்த எஸ் எழுத்து மாதிரி இருக்கும். கீழே படுத்தபடி தொடங்கி, நடுவில் செங்குத்தாக ஏறி, மேலே மறுபடி படுத்துக்கொள்ளும். ஐஃபோன் 2007 ஜூனில் கடைக்கு வந்தது. முதல் ஆண்ட்ராய்டு ஃபோன் 2008 அக்டோபரில். ப்யூ மையம் 2011இல் கேட்டபோது அமெரிக்காவில் வயது வந்தவர்களில் 35 சதவீதம் பேரிடம் ஸ்மார்ட்ஃபோன் இருந்தது. 2016 கடைசியில் 77. ஐந்தாறு வருடத்தில் நாற்பதுக்கு மேல் ஏறிவிட்டது. அதன் பிறகு? 2021இல் 85, 2024இல் 91. எட்டு வருடம் ஆகியும் பதினான்கு புள்ளிதான். விருப்பம் குறைந்துபோய் இது நடக்கவில்லை. வாங்காதவர்கள் அநேகமாகத் தீர்ந்துவிட்டார்கள்.

இங்கே ஒரு குழப்பம் வரும். உலகம் முழுக்கக் கடைகளுக்கு அனுப்பப்பட்ட ஸ்மார்ட்ஃபோன்கள் 2016இல் சுமார் 147 கோடி. 2023இல் அது சுமார் 117 கோடியாகக் குறைந்துவிட்டது. அதே காலத்தில் ஸ்மார்ட்ஃபோன் வைத்திருப்பவர்களின் எண்ணிக்கை உலக அளவில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. விற்பனை என்பது அந்த வருடம் வந்து சேர்ந்தது. உடைமை என்பது இதுவரை சேர்ந்து நிற்பது. வருடா வருடம் மாற்றிக்கொண்டிருந்தவர்கள் நாலு வருடம் ஒரே ஃபோனை வைத்து ஓட்டினால் விற்பனை விழும், உடைமை விழாது. போதாக்குறைக்கு செகண்ட் ஹேண்ட் ஃபோன் ஒன்று கைமாறினால் விற்பனைக் கணக்கில் ஏறாது, உடைமைக் கணக்கில் ஒரு ஆள் கூடிவிடுவார். கோவை காந்திபுரத்தில் பழைய ஃபோன் விற்கும் கடைகளின் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது எத்தனை பெரிய ஓட்டை என்று தெரியும்.

ஒரே எஸ், வேறு வேறு வருடம்

எல்லா நாட்டுக்கும் கோடு ஏறத்தாழ இதே வடிவம்தான். எந்த வருடம் ஏறத் தொடங்கியது, எவ்வளவு செங்குத்தாக ஏறியது என்பதில்தான் வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்குப் பணம் ஒரு காரணம். ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

ஜப்பானைப் பாருங்கள். 2015இல் ப்யூ கணக்குப்படி அங்கே ஸ்மார்ட்ஃபோன் வைத்திருந்தவர்கள் 39 சதவீதம்தான். சீனாவில் அப்போதே 58. ஜப்பான் என்ன, சீனாவைவிட ஏழை நாடா? காரணம் நேர்மாறானது. ஜப்பானில் 1999இலேயே ஐ-மோட் என்ற சேவை வந்து, மடக்கும் பட்டன் ஃபோனிலேயே மெயில், செய்தி, ரயில் நேரம் எல்லாம் பார்க்கும் வசதி வந்துவிட்டது. கையில் இருப்பதே போதும் என்றிருந்தவர்களுக்குப் புதிதாக ஒன்று வாங்க அவசரம் இல்லை. 2018இல்தான் 66 சதவீதத்துக்கு வந்தார்கள்.

பக்கத்திலேயே தென் கொரியா. அங்கே அரசு, நாட்டில் விற்கும் ஃபோன் எல்லாவற்றிலும் ஒரு குறிப்பிட்ட உள்நாட்டு மென்பொருள் அமைப்பு இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருந்தது. அதனால் ஐஃபோன் 2009 நவம்பர் வரை அந்த நாட்டுக்குள் வரவில்லை. விதி தளர்ந்த மறு நிமிடம் அணை உடைந்தது போலத்தான். 2015இல் 88 சதவீதம், 2018இல் 95. அந்த 2018 கணக்கில் மீதி ஐந்து பேரிடமும் பட்டன் ஃபோன் இருந்தது. எந்த ஃபோனும் இல்லாதவர் என்று சொல்ல ஆளில்லை. தாமதமாகத் தொடங்கினால் தாமதமாகத்தான் முடியும் என்ற நினைப்பைக் கொரியா உடைத்துவிட்டது.

மியான்மர் இன்னும் விசித்திரம். ராணுவ ஆட்சிக் காலத்தில் அங்கே ஒரு சிம் கார்டின் விலை ஆயிரம் டாலரைத் தாண்டிப் போனதுண்டு. 2013இல் மலிவு சிம்மை 1,500 கியாட்டுக்கு, அதாவது நூறு ரூபாய் அளவுக்கு, குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். 2014இல் ஊரிடூ, டெலிநார் என்ற இரண்டு வெளிநாட்டு நிறுவனங்கள் அதே விலைக்குத் தாராளமாக விற்கத் தொடங்கின. அதற்குள் சீனாவிலிருந்து மலிவு ஆண்ட்ராய்டு ஃபோன் வந்துவிட்டது. பெரும்பாலான மக்களுக்கு வாழ்க்கையின் முதல் ஃபோனே டச் ஃபோன்தான். லேண்ட்லைன், பட்டன் ஃபோன் என்ற இரண்டு படிகளையும் தாண்டிக் குதித்துவிட்டார்கள். கியூபாவில் பொதுமக்கள் செல்ஃபோன் வைத்துக்கொள்ள 2008இல்தான் அனுமதி. செல்ஃபோனில் இணையம் 2018 டிசம்பரில்தான் பரவலாகத் திறந்தது. இங்கெல்லாம் கோட்டைப் பிடித்து நிறுத்தியதும் விட்டதும் அரசாங்கம்.

கென்யாவில் 2018இல் ஸ்மார்ட்ஃபோன் 41 சதவீதம். கேட்டால் குறைவாகத் தெரியும். ஆனால் எம்-பெசா என்ற சேவை மூலம் பட்டன் ஃபோனிலேயே பணம் அனுப்புவதை அவர்கள் 2007லேயே தொடங்கிவிட்டார்கள். நம் ஊரில் யுபிஐ வந்தது 2016இல். பட்டன் ஃபோனுக்கு என்று தனியாக ஒரு யுபிஐ வசதி வந்தது 2022இல். ஸ்மார்ட்ஃபோன் சதவீதத்தை வைத்து ஒரு நாட்டை முன்னேறியது, பின்தங்கியது என்று வரிசைப்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை என்றால் கென்யாதான் காரணம்.

இந்தியாவின் கோடு

நம் நாட்டில் முதல் மொபைல் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. பேசியது மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, கேட்டது மத்திய அமைச்சர் சுக்ராம். அப்போது கூப்பிட்டாலும் காசு, எடுத்தாலும் காசு. இன்கமிங் இலவசமானது 2003இல். லேண்ட்லைன் என்பது நம் நாட்டில் உச்சத்தில் இருந்தபோதும் ஐந்து கோடி அளவைத் தாண்டவில்லை. ஆகவே நம்மில் பெரும்பாலான குடும்பங்களுக்கும் லேண்ட்லைன் படி கிடையாது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து நேராகப் பட்டன் ஃபோன்.

ஸ்மார்ட்ஃபோன் பரவ மூன்று விலைகள் இறங்க வேண்டியிருந்தது. முதலாவது ஃபோனின் விலை. ஆண்ட்ராய்டை எந்த நிறுவனமும் உரிமக் கட்டணம் இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்றானதும், தைவானின் மீடியாடெக் போன்றவை மலிவு சிப்போடு ஃபோனுக்கான வடிவமைப்பையும் சேர்த்துக் கொடுத்ததும், சீனாவில் புதுப்புது நிறுவனங்கள் முளைத்தன. 2014இல் மோட்டோ ஈ 6,999 ரூபாய்க்கும், அதே வருடம் ஷாவ்மியின் ரெட்மி 1எஸ் 5,999 ரூபாய்க்கும் வந்தன. இரண்டாவது நெட்டின் விலை. 2014 வாக்கில் ஒரு ஜிபி 250 ரூபாய்க்கு மேல். 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ தன் சேவையைத் தொடங்கிய பிறகு நடந்த போட்டியில் அது பத்துப் பன்னிரண்டு ரூபாய்க்கு விழுந்தது. மூன்றாவது, யாரும் விலை என்று கணக்குப் பார்க்காத ஒன்று: கற்றுக்கொள்ளும் சிரமம். வாட்ஸ்அப்பில் மைக்கை அழுத்திப் பேசினால் போதும், டைப் அடிக்க வேண்டாம் என்று தெரிந்த அன்றைக்கு எத்தனையோ பேருக்கு அந்தச் சிரமம் பாதியாகிவிட்டது.

ஜியோ வந்தது, மறுநாளே எல்லாரும் ஸ்மார்ட்ஃபோன் வாங்கினார்கள் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. ப்யூ கணக்கில் இந்தியாவில் 2015இல் 17 சதவீதம், 2018இல் 24. பட்டன் ஃபோன் மட்டும் வைத்திருந்தவர்கள் 40, எதுவுமே இல்லாதவர்கள் 35. நெட் விலை விழுந்ததும் ஏற்கெனவே ஸ்மார்ட்ஃபோன் வைத்திருந்தவர்கள்தான் ஆனந்தமாக வீடியோ பார்த்தார்கள். இல்லாதவர்கள் வாங்குவதற்கு நேரம் எடுத்தது என்பது என் வாசிப்பு. 2017இல் ஜியோஃபோன் வந்து இந்தக் கணக்கை இன்னும் சிக்கலாக்கியது. பட்டன் இருக்கும், 4ஜி நெட்டும் இருக்கும், பின்னால் வாட்ஸ்அப்பும் வந்தது. அதைப் பட்டன் ஃபோனில் சேர்ப்பதா ஸ்மார்ட்ஃபோனில் சேர்ப்பதா? கணக்கெடுக்க வந்தவர் என்ன நினைத்தாரோ அதுதான் எண்.

செங்குத்தாக ஏறியது அதன் பிறகுதான். அசர் ஆய்வில் 2018இல் கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் 36 சதவீதத்தில்தான் ஸ்மார்ட்ஃபோன் இருந்தது. 2020இல் 62, 2022இல் 75. நடுவில் என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடம் மூடியது, ஆன்லைன் வகுப்பு வந்தது, ஆட்டை விற்றாவது ஒரு ஃபோன் வாங்க வேண்டிய நிலை வந்தது. நம் மாநிலத்தில் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடத்தியதற்கும், டிவி இருக்கிற அளவுக்கு வீடுகளில் ஸ்மார்ட்ஃபோன் இல்லை என்பதுதான் காரணம். விலை இறங்கியபோது வாங்காதவர்களைக் கட்டாயம் வாங்க வைத்தது என்பதே இந்தக் காலத்தைப் பற்றிச் சரியான பேச்சு.

கொங்கு நாட்டில் கட்டாயம் வேறு வாசல்களிலும் வந்தது. சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்களுக்கு 2018 ஏப்ரலில் சரக்குக்கு ஆன்லைனில் போடும் இ-வே பில், 2021இல் டோல் கட்டும் ஃபாஸ்டேக். லோடு எங்கே கிடைக்கும் என்பதும் வாட்ஸ்அப் குழுவில்தான். டிரைவர் கையில் டச் ஃபோன் இல்லாமல் வண்டி நகராது என்றாகிவிட்டது. நாமக்கல் முட்டை விலைக்கு அப்படி இல்லை. எஸ்எம்எஸ்ஸில் ஒரு எண் வந்தால் போதும், பட்டன் ஃபோனே தாங்கும். ஒரே ஊரில் ஒரு தொழில் ஸ்மார்ட்ஃபோனைப் பிடித்து இழுக்கிறது, பக்கத்துத் தொழில் இழுக்கவில்லை. திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை ஃபோன் கடைகளில் பாதிக் கூட்டம் இந்தி, ஒடியா பேசும். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய பனியன் கம்பெனிப் பையன்கள். ஊரில் இருக்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். இவர்களை எந்த மாநிலக் கணக்கில் சேர்ப்பது? வீடு வீடாகப் போகும் ஆய்வுகள் கம்பெனி விடுதிகளையும் லைன் வீட்டு அறைகளையும் எளிதாகத் தவறவிட்டுவிடும். பீகாரில் அவர்களுடைய வீட்டுக்குப் போனால் "பையன் வெளியூரில் இருக்கிறான்" என்று சொல்லியிருப்பார்கள்.

மேலே படுத்த கோட்டுக்கு வெளியே

கோடு மேலே போய்ப் படுத்துக்கொண்ட பிறகு, மீதி இருப்பவர்கள் யார் என்பதுதான் நாட்டுக்கு நாடு மாறும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கேள்வியும் அதுவே.

அமெரிக்காவில் மீதி இருப்பது வயதானவர்கள். 2021இல் மொத்தம் 85 சதவீதம் என்றபோது 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் 61தான். அதுவும் 2011இல் 11 ஆக இருந்து ஏறி வந்தது. ஆண், பெண் என்று பார்த்தால் அங்கே வித்தியாசமே இல்லை, இரண்டும் 85. ஒருசில நாடுகளில் இந்த முதியவர்களை வலுக்கட்டாயமாக இழுத்துவிடுவது டவர்தான். ஜப்பான் தன் 2ஜியை 2012இல் மூடியது, கொரியா 2021க்குள் மூடி முடித்தது, ஆஸ்திரேலியா 3ஜியை 2024இல் நிறுத்தியது. பழைய செட்டில் சிக்னலே வராது என்றால் தாத்தாவும் என்ன செய்வார்? இந்தியாவில் 2ஜி இன்னும் ஓடுகிறது. அதனால்தான் நம் தாத்தாக்களின் பட்டன் ஃபோனும் நான்கு நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தியாவில் மீதி இருப்பது வயதானவர்கள் மட்டும் இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தானே பயன்படுத்தும் ஒரு மொபைல், ஸ்மார்ட்ஃபோன்கூட வேண்டாம், ஏதோ ஒரு மொபைல், வைத்திருந்த பெண்கள் நாடு முழுவதும் 54 சதவீதம். அதற்கு முந்தைய ஆய்வில் 46. தமிழ்நாட்டில் 62இல் இருந்து 75 அளவுக்கு ஏறியிருக்கிறது. நல்ல ஏற்றம்தான். ஆனால் இங்கே 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நான்கில் ஒருவருக்குத் தன் கையில் ஃபோன் இல்லை என்பதையும் அந்த எண்ணே சொல்கிறது. இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று அதே ஆய்வு கேட்டபோது இந்திய ஆண்களில் 57 சதவீதம் பேர் ஆம் என்றார்கள், பெண்களில் 33.

காசில்லாமல் மட்டும் இது நடப்பதில்லை. கொங்குப் பகுதி ஸ்பின்னிங் மில் விடுதிகளில் தங்கி வேலை பார்த்த இளம் பெண்கள் செல்ஃபோன் வைத்துக்கொள்ளத் தடையோ கட்டுப்பாடோ இருந்ததைத் தொழிலாளர் நல ஆய்வுகள் பலமுறை பதிவு செய்திருக்கின்றன. அவர்கள் சம்பாதிக்கிறார்கள், கடையில் ஃபோனும் மலிவு, டவரும் இருக்கிறது. ஃபோன் மட்டும் கையில் இல்லை. வீட்டிலும் இதன் சாயல் உண்டு: பையனுக்குப் பத்தாவது முடித்ததும் ஒரு ஃபோன், பெண்ணுக்குக் காலேஜ் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அசர் 2023இல் 14 முதல் 18 வயதுவரை உள்ள கிராமப்புறப் பிள்ளைகளிடம் இதைத் தனியாகக் கேட்டது. பத்தில் ஒன்பது பேரின் வீட்டில் ஸ்மார்ட்ஃபோன் இருந்தது. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில், அது தன் சொந்த ஃபோன் என்று சொன்ன பையன்கள் 43.7 சதவீதம், பெண்கள் 19.8. வீட்டை மட்டும் எண்ணியிருந்தால் தொண்ணூறு என்று எழுதிவிட்டு அடுத்த மாவட்டத்துக்குப் போயிருப்பார்கள். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலிலும் ஸ்மார்ட்ஃபோன் பற்றிய கேள்வி இருக்கிறது. அதுவும் வீட்டுக்கு ஒரு பதில்தான்.